கலப்பது முதலில், உலோகம் பிறகு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ஐந்து உலோகங்களை ஏறத்தாழச் சம பங்கில் கலந்து ஆக்கப்படும் ‘உயர் என்ட்ரோபி உலோகக்கலவை’ பற்றி அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். குறிப்பைவிட அதற்கு வந்த கடிதங்கள் நீளமாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கேரள எல்லையோரத்து ஊர்களிலிருந்து வந்தவை என்பதில் எனக்கு வியப்பில்லை. ஒரு பக்கம் மணவாளக்குறிச்சியின் கருமணல், மறுபக்கம் கஞ்சிக்கோட்டின் உருக்காலைகள் என்று, உலோகத்தின் தொடக்கத்தையும் முடிவையும் அருகிலிருந்து பார்ப்பவர்கள் அவர்கள். ‘இதைச் செய்வது எப்படி?’ என்று எல்லோரும் ஏதோ ஒரு வகையில் கேட்டிருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (பாறசாலையிலிருந்து ஒரு வேதியியல் மாணவி): அவியலில் எந்தக் காயும் தலைமைக் காய் அல்ல, அதுபோல இந்தக் கலவையில் எந்த உலோகமும் தலைமை உலோகம் அல்ல என்று எங்கள் பேராசிரியர் விளக்கினார். இந்த ஒப்புமை சரிதானா? என்ட்ரோபி இதில் எங்கே வருகிறது?

பதில்: ஒப்புமை பாதி சரி. எஃகில் இரும்பும் பித்தளையில் செம்பும் தலைமை வகிக்க, மற்றவை உப்பு புளி போலச் சேர்கின்றன. இங்கே ஒவ்வொரு தனிமமும் அணு எண்ணிக்கையில் நூற்றுக்கு 5 முதல் 35 வரை இடம்பெறுவதால், தலைமை என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் நல்ல அவியலில் சேனைத் துண்டு சேனையாகவும் முருங்கைத் துண்டு முருங்கையாகவும் தனித்துத் தெரிய வேண்டும். நல்ல உயர் என்ட்ரோபி கலவையில் அப்படித் தெரிந்தால் அது குறை. ஒரே படிக அமைப்பின் இருக்கைகளில் ஐந்து வகை அணுக்களும் வரிசை எதுவுமின்றி அமர்ந்திருக்க வேண்டும். இதைத் திண்மக் கரைசல் என்பார்கள்.

என்ட்ரோபி வருவது அந்த வரிசையின்மையில்தான்; வரிசையின்மையின் அளவே என்ட்ரோபி. சம பங்கில் N தனிமங்கள் கலந்தால், கலப்பினால் மட்டும் கூடும் என்ட்ரோபி, வாயு மாறிலி R-ஐ N-இன் இயல் மடக்கையால் பெருக்கக் கிடைப்பது. ஐந்து தனிமங்களுக்கு அது 1.61 R, அதாவது ஒரு மோலுக்கு ஒரு கெல்வினுக்குச் சுமார் 13.4 ஜூல். வெப்பநிலை ஏற ஏற இந்த எண்ணின் செல்வாக்கும் ஏறி, தனித்தனிச் சேர்மங்களாகப் பிரிந்துபோக நினைக்கும் அணுக்களைச் சேர்ந்திருக்கச் செய்கிறது. எப்போதும் செய்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். பிரையன் கான்டர் 1981-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தம் மாணவர் ஒருவருடன் சேர்ந்து 20 தனிமங்களைச் சம பங்கில் உருக்கிப் பார்த்தபோது, என்ட்ரோபி மிக உயர்வாக இருந்தும் கிடைத்தது வெவ்வேறு அமைப்புள்ள பல பகுதிகள் கொண்ட நொறுங்கும் பொருள்தான். அதற்குள்ளே குரோமியம், மாங்கனீஸ், இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகிய ஐந்தும் மிகுந்த பகுதி மட்டும் ஒரே படிகமாக இருந்ததைக் கவனித்ததில் பிறந்ததே இன்று அவர் பெயரால் வழங்கும் கலவை. அவருடைய கட்டுரையும், தைவானின் ஜியென்-வெய் யே குழுவினரின் கட்டுரைகளும் 2004-இல் தனித்தனியே வெளிவந்தன. அதற்கு ஓராண்டு முன்பே, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் எஸ். ரங்கநாதன் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் இந்தப் பல்லுலோகக் கலவைகளைப் பற்றி எழுதிவிட்டார் என்பதை உங்கள் பேராசிரியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (வாளையாறு வாசகர்): கஞ்சிக்கோட்டில் இண்டக்‌ஷன் உலையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். நிக்கல், குரோமியம் எல்லாவற்றையும் எடைபோட்டு உலையில் தள்ளி உருக்கினால் ஆயிற்று. இதில் பெரிய வித்தை என்ன இருக்கிறது?

பதில்: கான்டர் கலவையைப் பொறுத்தவரை உங்கள் துணிச்சல் நியாயமானதுதான். எடைக் கணக்கு எளிது. அணுக்கள் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பதால் எடைகள் சமமாக இரா: 100 கிராம் கலவைக்குக் குரோமியம் 18.54, மாங்கனீஸ் 19.59, இரும்பு 19.92, கோபால்ட் 21.02, நிக்கல் 20.93 கிராம். உங்கள் உலையைப் போன்றதையே வெற்றிடக் கலத்துக்குள் வைத்து, ஆர்கான் வாயுவை நிரப்பி உருக்கினால், கிலோக் கணக்கில் வார்த்தெடுக்கலாம், பலர் எடுக்கிறார்கள். திறந்த உலையில் செய்தால் குரோமியமும் மாங்கனீஸும் காற்றோடு சேர்ந்து கசடாகிப் போவதை நீங்கள் எனக்கே சொல்லித்தருவீர்கள். வெற்றிடத்திலும் மாங்கனீஸ் சற்று ஆவியாகும் என்பதால், எடைபோடும்போதே அதைக் கொஞ்சம் கூட்டி வைப்பது வழக்கம்.

சிக்கல் டைட்டானியம், சிர்கோனியம், நியோபியம், டான்டலம் போன்றவை உள்ளே வரும்போது தொடங்குகிறது. உருகிய டைட்டானியம் உருக்கும் பாத்திரமான மூசை எதையும் விட்டுவைப்பதில்லை. அலுமினாவோ மக்னீசியாவோ, அதிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கித் தன்னுள் கரைத்துக்கொண்டு கெட்டியாகவும் உடையக்கூடியதாகவும் ஆகிவிடும். டான்டலம் உருகுவது 3017 டிகிரி செல்சியஸில். மாங்கனீஸோ 2061 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இவ்விரண்டையும் ஒரே உலையில் போடச் சொன்னால், ஒன்று உருகுவதற்குள் மற்றொன்று கிளம்பிப் போயிருக்கும்.

ஆகவே ஆய்வகங்களில் வில் உலை என்னும் ஆர்க் உலையைப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீர் ஓடிக் குளிரும் செம்புத் தட்டில் சிறு குழிகள் இருக்கும்; ஒரு குழியில் உலோகத் துண்டுகளையும் பக்கத்துக் குழியில் தனியாக ஒரு டைட்டானியத் துண்டையும் வைத்து, ஆர்கானில் டங்ஸ்டன் முனையிலிருந்து மின்வில்லை, அதாவது தொடர்ந்து எரியும் மின்பொறியை, மூட்டுவார்கள். முதலில் உருக்குவது அந்தத் தனித் துண்டைத்தான். கலத்தில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அது விழுங்கிவிடும். அது மங்காமல் பளபளப்பாக இருந்தால்தான் கலவையில் கை வைக்கலாம். உருகிய கலவை, குழியில் பாதரசம் போலத் திரண்டு, அணைத்தவுடன் பொத்தான் வடிவில் உறையும். மேற்பக்கம் கண்ணாடிபோல் மின்ன, செம்பைத் தொட்ட அடிப்பக்கம் மட்டும் உருகியும் உருகாமலும் சொரசொரப்பாக இருக்கும். அந்த அடிப்பக்கத்தை நம்ப முடியாது என்பதால் பொத்தானைப் புரட்டிப்போட்டு மறுபடி உருக்க வேண்டும். நான்கைந்து முறை புரட்டாத பொத்தானை வைத்து எழுதிய கட்டுரைகளை நான் ஐயத்தோடுதான் படிப்பேன்.

அத்தனை முறை உருக்கியும் உறையும்போது அணுக்கள் பிரியவே பார்க்கும். கான்டர் கலவையில், மரக்கிளை போல முதலில் உறையும் பகுதியில் இரும்பு, கோபால்ட், குரோமியம் சற்று மிகுந்தும், கடைசியாக உறையும் இடுக்குகளில் மாங்கனீஸும் நிக்கலும் சேர்ந்தும் இருக்கும். அதைச் சமனாக்க 1100 முதல் 1200 டிகிரியில் ஒரு பகல் ஓர் இரவு வைத்திருக்க வேண்டும். நீங்கள் கேட்ட வித்தை உருக்குவதைவிட உறைவதில்தான் அதிகம் இருக்கிறது.

கேள்வி (செங்கோட்டை வாசகர்): உருக்காமல், மாவு அரைப்பதுபோல அரைத்தே கலக்கலாமா?

பதில்: கலக்கலாம். உலோகப் பொடிகளைக் கெட்டியான பந்துகளோடு ஒரு சாடியில் அடைத்து, நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகள் வீதம் பத்து இருபது மணி நேரம் சுழற்றினால், பொடிகள் நசுங்கி, ஒட்டி, உடைந்து, மறுபடி ஒட்டி, கடைசியில் அணு அளவில் கலந்துவிடும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பி.எஸ். மூர்த்தி குழுவினர் இவ்வழியில் செய்த கலவைகள் இத்துறையில் தொடக்கக் காலத்தவை. ஆனால் அம்மிக் கல்லும் கொஞ்சம் தேய்ந்து சட்னியில் சேர்வதுபோல, பந்தும் சாடியும் தேய்ந்து பொடியில் சேரும். அதோடு கிடைப்பது பொடிதானே. அதைக் கட்டியாக்கச் சூடும் அழுத்தமும் சேர்ந்த இன்னோர் இயந்திரம் வேண்டும். மெல்லிய பூச்சு மட்டும் போதுமென்றால் வேறு வழிகள் உண்டு, அவற்றை இங்கே விரிக்கவில்லை.

கேள்வி (களியக்காவிளையிலிருந்து ஒரு வாசகி): ஓமனில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்குள்ள நிஸ்வா பல்கலைக்கழகத்தில் உலோகங்களை உருக்காமலேயே, துருப் பொடியை உப்பில் வைத்து மின்சாரம் செலுத்தி இந்தக் கலவையைச் செய்ததாகக் கேள்விப்பட்டேன் என்கிறான். உண்மையா, அல்லது வளைகுடாக் கதையா?

பதில்: உண்மை. உங்கள் தம்பி ‘துருப் பொடி’ என்று சொன்னதும் ஏறத்தாழச் சரியே. துரு இரும்பின் ஆக்சைடுதானே. கார்ஸ்டன் ஷ்வான்ட் தலைமையில் நிஸ்வாவில் இயங்கிய குழுவினர், உலோக ஆக்சைடுகளிலிருந்தே நேரடியாக உயர் என்ட்ரோபி கலவைகளை மின்வேதி முறையில் ஆக்கியதை 2017-இல் வெளியிட்டார்கள்.

அடிப்படை முறை அதற்கும் முந்தையது. கேம்பிரிட்ஜில் ஃப்ரே, ஃபார்த்திங், சென் ஆகிய மூவரும், டைட்டானியத்தின் மேல் படிந்த ஆக்சிஜனை உருகிய உப்பில் மின்சாரத்தால் நீக்க முயன்றபோது, படிந்த ஆக்சைடு கரைந்து போவதற்குப் பதிலாக உலோகமாகவே மாறியிருப்பதைக் கண்டார்கள். அப்படியானால் முழு ஆக்சைடையும் உலோகமாக்கலாமே என்ற எண்ணம் 2000-இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரையாயிற்று. மூவரின் பெயர் முதலெழுத்துகளால் அது எஃப்.எஃப்.சி. கேம்பிரிட்ஜ் முறை எனப்படுகிறது.

செய்முறையை அருகில் போய்ப் பார்க்கலாம். வேண்டிய உலோகங்களின் ஆக்சைடுப் பொடிகளைக் கணக்குப்படி எடுத்து, நன்றாக அரைத்துக் கலந்து, மாத்திரை போன்ற வில்லையாக அழுத்தி, சூளையில் சுட்டுக்கொள்கிறார்கள். வில்லை உறுதியாக இருக்க வேண்டும். ஆனால் உள்ளே நுண்துளைகள் திறந்திருக்கவும் வேண்டும். இட்லி வெந்திருந்தும் துளை துளையாக இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கம்பியில் கட்டி, 850 முதல் 950 டிகிரி வரை சூடான கால்சியம் குளோரைடு உப்பு உருகிக் கிடக்கும் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். கால்சியம் குளோரைடு 772 டிகிரியில் உருகிவிடும். வில்லை எதிர்மின்வாய், எதிரே ஒரு கிராஃபைட் தண்டு நேர்மின்வாய். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 3 வோல்ட்.

3 வோல்ட் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த வெப்பநிலையில் உப்பையே உடைக்க ஏறத்தாழ 3.2 வோல்ட் வேண்டும். ஆகவே உப்பு உடையாமல், ஆக்சைடு மட்டும் உடைகிறது. ஆக்சைடிலிருந்து பிரிந்த ஆக்சிஜன், அயனியாகி உப்பில் கரைந்து, மறுமுனைக்கு நீந்திப்போய்க் கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகவும் டையாக்சைடாகவும் குமிழியிட்டு வெளியேறுகிறது. கம்பி தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஒடுக்கம் (ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து உலோகமாவது) தொடங்கி, உலோகமான பகுதி மின்சாரத்தைக் கடத்த, அங்கிருந்து அடுத்த பகுதிக்கு என்று வில்லை முழுவதும் பரவுகிறது.

எல்லா ஆக்சைடுகளும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. 900 டிகிரியளவில் நிக்கல் ஆக்சைடைப் பிரிக்க ஏறத்தாழ 0.7 வோல்ட் போதும், குரோமியத்துக்கு 1.4, டைட்டானியத்துக்கு 1.9, சிர்கோனியத்துக்கு 2.3 வோல்ட் அளவில் வேண்டும். ஆகவே நிக்கலும் கோபால்ட்டும் இரும்பும் முதலில் உலோகமாகி, வில்லைக்குள் ஒரு நுண்வலைபோல நின்றுகொள்கின்றன. பின்னால் வரும் பிடிவாதக்கார உலோகங்களுக்கு அந்த வலைக்குள் கரைந்துகொள்ள இடம் கிடைப்பதால், தனியாக இருக்கும்போது தேவைப்படுவதைவிடச் சற்றுக் குறைந்த மின்னழுத்தத்திலேயே அவையும் ஒடுங்குகின்றன. இடையில் கால்சியமும் புகுந்து, டைட்டானியத்தோடு கால்சியம் டைட்டனேட்டாகி நேரத்தை நீட்டும். எல்லாம் முடிந்து, வில்லையை எடுத்து நீரிலும் பிறகு நீர்த்த அமிலத்திலும் கழுவினால், போட்ட வடிவத்திலேயே சாம்பல் நிறத் துண்டு ஒன்று கையில் இருக்கும். கத்தி முனையால் கீறினால் உள்ளே உலோகம் பளிச்சென்று தெரியும்.

வாளையாறு வாசகரின் உலையில் பட்ட பாட்டை இங்கே நினைத்துப் பாருங்கள். அங்கே முதலில் உலோகம், அப்புறம் கலப்பு. 3017 டிகிரியும் 2061 டிகிரியும் மோதிக்கொள்ளும். இங்கே கலப்பு பொடியாக இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. எந்த உலோகமும் உருகுவதில்லை என்பதால் உருகுநிலைச் சண்டைக்கும், உறையும்போது பிரிவதற்கும் வழியில்லை. அணுக்கள் கடக்க வேண்டிய தூரம் மைக்ரோமீட்டர் அளவில்தான். என் மதிப்பில் இந்த முறையின் பெருமை இதுதான். மின்சாரச் சிக்கனம் என்று சிலர் சொல்வதை நான் அவ்வளவாக ஏற்பதில்லை.

ஏனென்றால் கணக்கு இப்படி இருக்கிறது. ஒரு கிலோ டைட்டானியத்தை அதன் டையாக்சைடிலிருந்து பிரிக்க ஃபாரடே விதிப்படி ஏறத்தாழ 2240 ஆம்பியர்-மணி வேண்டும்; 3 வோல்ட்டில் அது 6.7 யூனிட் மின்சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் மின்னோட்டத்தின் ஒரு பகுதிதான் ஆக்சிஜனைப் பிரிக்கப் பயன்படும். பயன் 30 விழுக்காடு என்று வைத்தால் 22 யூனிட்டைத் தாண்டும், உப்பைச் சூடாக வைத்திருக்கும் செலவு தனி. வெளியேற வேண்டிய கார்பன் டையாக்சைடில் கொஞ்சம் உப்பிலேயே கார்பனேட்டாகக் கரைந்து, எதிர்மின்வாய்க்கு வந்து கரித்தூளாக மாறிக் கலவையையும் அழுக்காக்கும், மின்சாரத்தையும் தின்னும். கரிக்குப் பதிலாக ஆக்சிஜனை மட்டும் வெளியிடும் மந்த மின்வாய்களைத் தேடுவது இதனால்தான்.

கேள்வி (மணவாளக்குறிச்சி வாசகர்): எங்கள் ஊர் மணலில் டைட்டானியமும் சிர்கோனியமும் இருக்கின்றன. மணலை அப்படியே வில்லையாக்கி உப்பில் இறக்கினால் கலவை வந்துவிடாதா?

பதில்: உங்கள் ஊர் மணலின் கதை 1909-இல், ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்ததிலிருந்து தொடங்குகிறது. அன்றிலிருந்து அந்த மணலை யாரும் ‘அப்படியே’ பயன்படுத்த முடிந்ததில்லை. அந்த மணலிலுள்ள இல்மனைட் என்ற கனிமத்தில் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தே இருப்பதால், அதை இவ்வழியில் ஒடுக்கினால் இரும்பு-டைட்டானியக் கலவை கிடைக்கும். அது உபயோகமானதே, ஆனால் விகிதத்தை நிர்ணயிப்பது நீங்கள் அல்ல, கடல். சிர்கோனியத்தின் கனிமமான சிர்கான் மணலில் சிலிக்கானும் சேர்ந்திருக்கிறது. அது உள்ளே போனால் சிலிசைடுகள் என்னும் சேர்மங்களாகிக் கலவையை நொறுங்க வைக்கும். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அதைச் சட்டப்படியும் தொட முடியாது. எனவே முதலில் ஆக்சைடுகளைத் தனித்தனியே தூய்மைப்படுத்தியாக வேண்டும்.

ஆனால் உங்கள் கேள்விக்குள் ஒரு நல்ல விதை இருக்கிறது. கொல்லத்துக்கு அருகே சவறையில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் நிதியுதவியோடும் ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தின் தொழில்நுட்பத்தோடும் 2011-இல் அமைந்த ஆலை, ஆண்டுக்கு 500 டன் கடற்பஞ்சு டைட்டானியம் ஆக்கும் திறனுடையது. அது க்ரோல் முறை: டைட்டானியத்தைக் குளோரைடாக்கி, மக்னீசியத்தால் ஒடுக்கி, கிடைத்த பஞ்சு போன்ற உலோகத்தைப் பிறகு வெற்றிடத்தில் உருக்கிக் கலவையாக்க வேண்டும். ஆக்சைடு வழி இந்தப் படிகளில் பலவற்றைத் தாண்டிவிடும்.

இன்னொன்று. சிர்கானில் சிர்கோனியத்தோடு அதன் உடன்பிறப்பான ஹாஃப்னியமும், நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில், பிரியாமல் வரும். அணு உலையின் எரிபொருள் உறைக்கு இது ஆகாது. நியூட்ரான்களை விழுங்கிவிடும் என்பதால் பெரும்பாடுபட்டுப் பிரித்தெடுக்கிறார்கள். டைட்டானியம், சிர்கோனியம், ஹாஃப்னியம், நியோபியம், டான்டலம் என்று வெப்பம் தாங்கும் உயர் என்ட்ரோபி கலவை ஒன்று உண்டு. அங்கே ஹாஃப்னியம் வேண்டாத விருந்தாளி அல்ல, பந்தியில் முதல் வரிசையில் இருப்பது. இரண்டு பங்கு போதாது, மேலும் சேர்க்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகர்): இதில் செய்த பாத்திரம் கடைக்கு எப்போது வரும்?

பதில்: வராது, வரவும் வேண்டாம். கோபால்ட் விற்கும் விலையில் எவர்சில்வரே போதும். கான்டர் கலவையின் சிறப்பு, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் கிடக்கும்போதும் உடையாத உறுதி. உங்கள் வீட்டு அடுப்பங்கரையில் அதற்கு வேலை இல்லை.

கேள்வி (கொல்லங்கோட்டிலிருந்து ஓர் ஆசிரியர்): பள்ளி அறிவியல் கண்காட்சியில் மாணவர்கள் இந்த உப்பு முறையைச் செய்து காட்டலாமா?

பதில்: கூடாது. 900 டிகிரி உப்பும், நச்சான கார்பன் மோனாக்சைடும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றவை அல்ல. ஆனால் அந்த முறையின் முதல் தலைவலியை மாணவர்களுக்குச் செலவின்றிக் காட்டலாம்.

நான் ஆய்வகத்தில் இருந்த நாளில், இடவப்பாதி மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, கால்சியம் குளோரைடுப் புட்டியை மூடாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்தால் உப்பின் மேல் தண்ணீர் நின்றது. அவசரத்தில், சரியாக உலர்த்தாமல் அதையே உலையில் ஏற்றினேன். ஈரம் உப்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆவியாகக் கிளம்பி, உலையின் எஃகு மூடியை அரித்துவிட்டது. மிச்சமிருந்த சுண்ணாம்பு மூன்று நாள் சோதனையையும் கெடுத்தது. அதற்குப் பிறகு உப்பை வெற்றிடத்தில் மெல்ல மெல்லச் சூடேற்றி உலர்த்தாமல் நான் உருக்கியதே இல்லை.

ஜூன் மாதத்தில் ஒரு தட்டில் இரண்டு கரண்டி கால்சியம் குளோரைடை எடைபோட்டு, வகுப்பறைச் சன்னலோரம் இரவு முழுவதும் வைக்கச் சொல்லுங்கள். கையால் தொடாமல், மறுநாள் காலை மறுபடி எடைபோட்டு, எத்தனை கிராம் மழையை அது காற்றிலிருந்து குடித்திருக்கிறது என்று பலகையில் எழுதச் சொல்லுங்கள்.